பார்த்தால் கேட்டுவிடும்

மான்தான். மறுபடியும் மான். வேனில் இருந்தவர்கள் எல்லோரும் இடதுபக்கம் சாய்ந்து ஃபோனை நீட்டினார்கள், வேன் ஒருபக்கமாகத் தாழ்ந்து நிமிர்ந்தது, மான் பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு மேய்ந்தது. சென்னியப்பன் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி அதை முறைத்தார். இதைப் பார்க்கவா கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய், மலையேறி, கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்து, அந்தப்பக்கம் இறங்கி வந்தது? யானை, புலி என்று காப்பகத்து வாசலில் ஆள் உயரத்துக்குப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மகன் ரகுபதி கையைப் பிடித்து வேனுக்குள் ஏற்றிவிட்டான். ஏற்றி, ஜன்னலோரத்தில் உட்காரவைத்து, பக்கத்திலேயே அவனையும் உட்காரவைத்துவிட்டு, தானும் பெண்டாட்டியும் பின்சீட்டில் வசதியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். திட்டம் போட்டுச் செய்திருக்கிறான். பெற்ற மகன். பக்கத்தில் இருக்கிற அவன் என்றால் குழந்தைவேல். சென்னியப்பனின் தங்கை பாவாத்தாளைக் கட்டியவன். ஊருக்கு அவன் இன்னும் இவருடைய மாப்பிள்ளை. இவருக்கு, பாவாத்தாள் செத்துப்போன நாளிலிருந்து அவன் யாருமில்லை. அன்று விட்ட பேச்சு விட்டதுதான். ஒரு கல்யாணத்தில் தெரியாமல் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தபோது, இலையில் பாதிச் சோற்றை அப்படியே விட்டு எழுந்து வந்தவர் இவர். இப்போது தோளும் தோளும் இடிக்க ஒரே சீட்டில். எழுந்து போகலாம் என்றால் வெளியே புலி.

“அப்பா, கழுத்து புடிச்சுக்கப் போவுது. இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்க,” என்றான் ரகுபதி பின்னாலிருந்து.

“இந்தப் பக்கந்தான் காடு இருக்குது.”

“ரெண்டு பக்கமும் காடுதானுங்க மாமா,” என்றாள் மருமகள் வினோதினி.

ரெண்டு பக்கமும் காடுதான், அது யாருக்குத் தெரியாது. திரும்பினால் அவன் முகம் தெரியும், முகம் தெரிந்தால் உதடு தெரியும், உதடு தெரிந்தால் கேட்டுவிடும். அதுதான் தொந்தரவு. தறிக்குடோனுக்குள் காது என்பது மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான். வரிசையாகத் தறிகள் ஓடுகிற கொட்டகைக்குள் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது; அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை, உதட்டை மட்டும் அசைப்பார்கள். இந்தக் கோடியில் நிற்கிறவன் சொன்னதை அந்தக் கோடியில் நிற்கிறவன் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வான். நூல் அறுந்துபோச்சு, ஓனர் வர்றான், டீ சொல்லியாச்சா, நேத்து ராத்திரி எதுக்கடா உன் பொண்டாட்டி அழுதா, எல்லாம் சத்தமில்லாமல். வெளியே வந்தால் தலைகீழ். குடோன்காரன் வீட்டுக்குள் பேசுவது தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒன்று கத்துவான், இல்லாவிட்டால் உதடு மட்டும். நடுவில் மெதுவாகப் பேசுவது என்ற ஒன்று அவனுக்குப் பழக்கமே கிடையாது. சென்னியப்பனும் குழந்தைவேலும் எதிரெதிர்த் தறியில் நின்றவர்கள். சோமனூர்ப் பக்கத்தில் காடாத் துணி, சாயம் ஏறாத, நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லாத துணி, அதையே வயசெல்லாம் மைல் மைலாக நெய்து தள்ளினார்கள். அந்தத் தறிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அவன் கேட்டான், உன் தங்கச்சியைக் குடுப்பியா மச்சான் என்று. இவரும் ஊடைநூல் தீர்ந்த நாடாவை மாற்றிக்கொண்டே, உனக்கெல்லாம் எவன் குடுப்பான் என்று உதட்டால் சொன்னார். அப்புறம் கொடுத்தார். அம்மா வேண்டாம் என்றாள், சொந்தத்தில் ஒருத்தன் இருக்கிறான் என்றாள், இவர்தான் ஒற்றைக்காலில் நின்றார். அதனால்தானே இப்படி எரிகிறது. வேறு எவனோ செய்திருந்தால் துடைத்துப் போட்டிருக்கலாம். சிநேகிதக்காரன் செய்தால் எதில் துடைப்பது?

வேன் குலுங்கியது. உண்ணிச்செடிதான் எங்கே பார்த்தாலும், சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக்கொண்டு, யானையே நின்றாலும் மறைத்துவிடுகிற புதர். முன்சீட்டில் இருந்த பட்டணத்துப் பெண்மணி, “அண்ணா, இன்னிக்காவது புலி உண்டா இல்லையா?” என்று டிரைவரைக் கேட்டாள்.

“புலி என்னங்கம்மா சம்பளத்துக்கா இருக்குது, நாலு மணி வண்டிக்கு வந்து நிக்கறதுக்கு?”

“யானையாவது?”

“அது அதோட இஷ்டம். நேத்து இங்கதான் பெருசு நின்னுச்சு.” டிரைவர் வேகத்தைக் குறைத்தான். பாதையில் பிளந்த மூங்கில் கிடந்தது, பக்கத்தில் ஆவி அடங்காத சாணம். அவன் தலையைத் திருப்பி, வேனுக்கே பொதுவாக, “பெருசு நாலு நாளா மொறைச்சுக்கிட்டே திரியுது. எதுக்குன்னு தெரியல. யாரும் சீண்டிராதீங்க, சத்தம் போட்டுராதீங்க,” என்றான்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ஏறினதிலிருந்து இவன் தன்னைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறான். “யாரைடா பெருசுங்கறே? நான் மொறைச்சா உனக்கென்னடா?” என்றார். அவருக்கு அது சாதாரணக் குரல், வேனே நடுங்கியது.

“ஐயா சாமி, யானையைச் சொன்னேனுங்க! ஒத்தை யானையை நாங்க பெருசும்போம்!”

வேன் முழுக்கச் சிரித்தது. வினோதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது போகட்டும். பக்கத்துத் தோள் குலுங்கியது. சத்தமே இல்லை, ஆனால் குலுங்கியது, சீட்டின் இரும்பு வழியாக, துண்டின் வழியாக, இவர் தோளுக்கே வந்து குலுங்கியது. சிரிக்கிறான். அன்றைக்கும் இப்படித்தான் சிரிப்பான், தறியைப் பிடித்துக்கொண்டு, வயிறு மட்டும் ஆடும், குடோனுக்குள் எவன் சிரிப்புக்குத்தான் சத்தம் இருந்தது. ஆனால் இப்போது குடோனுக்கு வெளியேயும் அவனுக்குச் சத்தம் கிடையாது. போன வருஷம் தொண்டையில் கட்டி என்றார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள், கழுத்தில் ஒரு துவாரம் வைத்து அதன் வழியாக மூச்சு விடுகிறான், அதன்மேல் எந்நேரமும் ஒரு மெல்லிசுத் துண்டு. ரகுபதி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: மாமா என்னமோ சொல்லணும்னு தவிக்கறாருப்பா. எங்க யாருக்கும் புரியல. பேப்பரைக் குடுத்தா தூக்கிப் போடறாரு. உங்களுக்கு மட்டுந்தான் புரியும், ஒருவாட்டி வாங்க. இவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: கொரலு இருந்தப்ப எங்கடா போயிருந்தான் உங்க மாமன்?

எத்தனை வருஷம் இவர் காத்திருந்தார், அவன் வந்து நாலு பேர் முன்னால், வாய் திறந்து, சத்தமாக, மச்சான் நான் பண்ணினது தப்பு என்று சொல்லட்டும் என்று. நாலு பேர் முன்னால் நடந்தது, நாலு பேர் முன்னால்தானே தீரவேண்டும்? அவன் சொல்லவில்லை. சொல்லக் குரல் இருந்த காலமெல்லாம் பீடியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது குரல் போன பிறகு, உதட்டால், ரகசியமாக, காசில்லாமல் தீர்த்துவிடலாம் என்று வருகிறான். அதைக் கேட்டுக்கொள்ள இவர் திரும்ப வேண்டுமாம். திரும்பிவிட்டால் நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள்? சென்னியப்பன் இறங்கிவந்துட்டாப்ல என்பார்கள். இறங்கிவந்தது அவன் என்று யார் சாட்சி சொல்வது? உதட்டுக்குச் சாட்சி கிடையாது. காரிலும் இவர் முன்சீட்டில் உட்கார்ந்து வந்ததால் பிழைத்தார். கருமத்தம்பட்டியில் வண்டி நின்றபோதே இறங்கியிருக்கவேண்டும், ஒருத்தர் ஏறுவாருங்கப்பா என்று ரகுபதி இழுத்தபோதே தெரிந்திருக்கவேண்டும், கழுத்தில் துண்டைப் பார்த்ததும் ஏனோ இறங்காமல் இருந்துவிட்டார். மெலிந்துபோயிருந்தான். மெலியட்டும். பாவாத்தாள் அதைவிட மெலிந்துபோய்த்தான் கிடந்தாள்.

கிடந்தாள் என்று கேள்விதான், இவர் பார்த்தது ஆஸ்பத்திரியில், உயிரோடு. செத்த பிறகு முகத்தைப் பார்க்கவில்லை. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும், அண்ணனோ தம்பியோ கையால் அதைப் போர்த்த வேண்டும், அப்புறம்தான் தூக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த முறை. விடிகாலையில் ஃபோன் வந்தது. இவர் கடைத்தெருவுக்கு ஓடினார். கடைக்காரப் பையன், கோடிக்குங்களா, அப்ப இந்த அலமாரி என்று ஒரு மூலையைக் காட்டினான், அங்கே மட்டமான நூல் சேலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள், சவத்துக்கென்றே நெய்த மாதிரி. அதைத் தொட்டுப் பார்த்ததும் இவருக்கு வந்ததே கோபம். துணியைத் தொட்டால் தெரியாதா, அரைகுறை நூல், பிசினை ஏற்றி விறைப்பாக்கி வைத்திருக்கிறான். என் தங்கச்சிக்கு இதையாடா போடச் சொல்றே என்று கத்திவிட்டு அடுத்த கடைக்குப் போனார், அங்கிருந்து இன்னொரு கடை, அது திறக்கவில்லை, திறக்கும்வரை வாசலில் நின்றார். எரியப்போறதுக்கு எதுக்குங்க பட்டு என்று அங்கேயும் ஒருத்தன் கேட்டான். நெய்ததெல்லாம் வெள்ளையுமில்லாத பழுப்புமில்லாத காடா, அவளுக்கு ஒருநாளாவது ஒரு நிறத்தைப் போர்த்தினால் என்ன? பட்டுச் சேலையைப் பையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். போய்ச் சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தெளித்த தண்ணீர். தூக்கிவிட்டார்கள். மின்மயானத்துல நேரம் குடுத்துட்டாங்க, தவறினா நாளைக்குத்தானாம், மாப்பிள்ளைதான் எடுக்கச் சொல்லிட்டாரு என்று எவளோ ஒருத்தி சொன்னாள். மயானத்துக்கு ஓடினால் கதவைச் சாத்தியாயிற்று. அத்தனை பேரும் இவர் கையைப் பார்த்தார்கள், கையில் அந்தப் பையை. அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் கோடி இல்லாமப் போனாளே என்று பின்னால் ஒரு கிழவி ஒப்பாரியில் இழுத்தாள். அந்த இழுப்பு இன்றைக்கும் தூங்கவிடாது. பையை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார். பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்த்ததில்லை, யாரையும் தொடவிட்டதில்லை.

தூறல் பிடித்தது. ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். வேன் ஒரு மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. எங்கேயோ ஒரு மந்தி குரைக்கிற மாதிரிக் கத்தியது, இன்னொன்று பதிலுக்குக் கத்தியது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டான். கையைத் தூக்கி, மூச்சாலேயே சொன்னான்: “புலி இருக்குது. தண்ணிக்கு வருது. ஒருத்தரும் வாயைத் தொறக்கக்கூடாது. தும்மல்கூடக் கூடாது.”

அப்படியொரு அமைதி சென்னியப்பனுக்குப் பிடிக்காது. வெளியே சத்தம் நின்றால் காதுக்குள் தறி ஓட ஆரம்பித்துவிடும், டட்டக் டட்டக் என்று, வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் ஓடிக்கொண்டேயிருக்கிற தறி. அதோடு இப்போது இன்னொன்று: பக்கத்தில் அவன் மூச்சு, துவாரத்தின் வழியாக, கிழிந்த டியூபில் காற்று இறங்குவது மாதிரி. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் இவர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, எரிச்சலோடு விட்டார். இது எத்தனை நாளைக்கு ஓடும்? நின்றுவிட்டால்? நின்றால் நிற்கட்டும், எனக்கென்ன. ஆனால் நின்றுவிட்டால் இத்தனை வருஷம் வளர்த்த கோபத்தை யார் வாசலில் கொண்டுபோய் இறக்குவது, அவனுக்கில்லாமல் வேறு எவனுக்கு அது அளவாக இருக்கும்? நினைப்பே பிடிக்கவில்லை. காட்டைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே மூங்கில் இருட்டு, இருட்டின்மேல் தூறல் துளிகள், துளிகளுக்கு நடுவே ஒரு முகம். அவனுடைய முகம். சே. இத்தனை நேரம் திரும்பாமல் வந்தது எதற்கு, கண்ணாடியே கொண்டுவந்து காட்டுகிறதே. கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் எத்தனை நேரம் இருப்பது, எல்லோரும் புலி பார்க்கப் போகிறார்கள், காசு கொடுத்து வந்தவன் கண்ணை மூடிக்கொண்டா இருப்பான். திறந்தார். உதடு அசைந்தது.

மச்சான்.

அவ்வளவுதான். மறுபடியும் அதே. மச்சான். பல் இரண்டு விழுந்திருந்தது, அதனால் அந்த வார்த்தை கொஞ்சம் கோணியது, ஆனாலும் தெரிந்தது, தெரியாமல் எப்படிப் போகும். சரி, சொல்லு. சொல்லித் தொலை. நான் ஒன்றும் திரும்பவில்லை, கண்ணாடியைத்தான் பார்க்கிறேன். தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. இவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அது புலிக்காக இல்லை. முன்சீட்டுப் பெண்மணி ஃபோனைத் தூக்கினாள். பள்ளத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் ஒரு தடவை அசைந்து நின்றது. வேனே ஒரே கழுத்தாக அங்கே நீண்டது. கண்ணாடியில் உதடு நிதானமாக, தறிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவனுக்குச் சொல்வது போல ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துச் சொன்னது: அந்தச் சேலை.

சேலை?

அந்தச் சேலை என்ன கலரு?

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பட்டது. கண்ணாடியில் இடம் வலமாகும், பல் வேறு இல்லை. தன்னையறியாமல் திரும்பிவிட்டார். நேருக்கு நேர், ஒரு முழம்கூட இல்லை, அவன் முகம். என்ன என்று கையை விரித்தார், குடோனில் கேட்கிற மாதிரியே. அவன் அவசரப்படவில்லை. பாவாத்தாளுக்கு நீ வாங்கிட்டு வந்தியே. என்ன கலரு? நான் பாக்கவே இல்ல. கண்ணில் தண்ணீர் நின்றது, அது தொண்டை எரிச்சலாகவும் இருக்கலாம், அந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கண் கலங்கிக்கொண்டே இருக்குமாம். இதைக் கேட்கவா மாசக்கணக்காகத் தவித்தாய்? மன்னிப்பு எங்கே? நாலு பேர் முன்னால் நான் நின்ற நிலைக்குக் கணக்கு எங்கே? கேட்க வேண்டியதை விட்டுவிட்டுக் கலரைக் கேட்கிறான், கலரை! ஆனால் அதை யார்தான் கேட்டார்கள்? என்ன விலை என்று கேட்டார்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள், பெற்ற மகன்கூட, அதைக் கோயிலுக்குக் குடுத்துறலாமாப்பா என்று கேட்டானே தவிர. கடைக்காரன் பிரித்து மேசைமேல் வீசிய அந்த நிமிஷம் கண்ணுக்குள் வந்தது, ஒரு பக்கம் பார்த்தால் நீலம், சாய்த்துப் பார்த்தால் பச்சை, காடாவையே பார்த்துப் பழகின கண் கூசிப்போனது. உதடு மட்டும் அசைத்திருக்கலாம், அசைத்திருக்கத்தான் நினைத்தார்.

“மயில்கழுத்து!” என்றார் சென்னியப்பன். “மயில்கழுத்துடா மாப்ள!”

வேன் துள்ளியது. ஓடைக்கு அந்தப் பக்கம் புதருக்குள் ஏதோ மஞ்சளாகத் திரும்பிய மாதிரி இருந்தது, அப்புறம் வெறும் புதர். மந்திகள் மொத்தமாகக் கத்தின.

“எங்கங்க மயிலு? எந்தப் பக்கம்?” என்று ஒருத்தர் எழுந்து ஜன்னலைத் தேடினார்.

“மயிலுக்காய்யா கத்துவீங்க?” டிரைவர் ஸ்டியரிங்கில் கையை அறைந்தான். “மயிலு எங்க ஊரு குப்பைமேட்டுல நிக்குது, வாங்க காட்டறேன்! புலிய்யா! தலையை வெளிய போட்டுச்சு, நான் பாத்தேன்!”

“எடுத்தீங்களா? நீங்க எடுத்தீங்களா?” பட்டணத்துப் பெண்மணி ஒவ்வொருத்தர் ஃபோனாகப் பார்த்தாள். எல்லா ஃபோனிலும் செடி ஆடியது. “ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கோம். இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் ஏன் சார் ஏத்தறீங்க?”

“அப்பா, என்னப்பா நீங்க...” ரகுபதி பின்னாலிருந்து எல்லோரிடமும் கைகூப்பிக்கொண்டிருந்தான். “தறிக்காரருங்க, காது கொஞ்சம்... மன்னிச்சுக்குங்க. தப்பா நெனைக்காதீங்க.”

மன்னிப்பாம். இத்தனை காலம் கிடைக்காத வார்த்தை இப்போது வேன் முழுக்க இறைபடுகிறது, இவருக்காக இவர் மகன் ஊர்பேர் தெரியாதவர்களிடம் கேட்கிறான். ஏமாந்துபோனோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு கேள்வியைப் போட்டு வாயைப் பிடுங்கிவிட்டான். அவன்தான் முதலில் பேச வேண்டும் என்று எத்தனை சாவுக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் காத்த வைராக்கியம், ஒரு மயில்கழுத்தில் போயிற்று. அதுவும் மாப்ள என்று வேறு வந்துவிட்டது. திரும்பிக்கொள்ளலாம். ஜன்னல் இருக்கிறது, காடு இருக்கிறது, இனிமேல் ஒன்றும் வரப்போவதில்லை. டிரைவர் முனகிக்கொண்டே வண்டியை எடுத்தான், எஞ்சின் சத்தத்தில் காதுக்குள் ஓடிய தறி அமுங்கியது. குழந்தைவேல் கண்ணை மூடி, அந்த நிறத்தை உள்ளே எங்கேயோ பிரித்துப் பார்க்கிறவன் போல இருந்தான். பிறகு கண்ணைத் திறந்து உதட்டை அசைத்தான். கரை?

சென்னியப்பன் யோசித்தார். அரக்கா, மாந்துளிரா? கரையை நினைத்தால் கரை வரவில்லை, பையைப் பிடித்திருந்த கைதான் வந்தது. இத்தனை வருஷம் அதே வீட்டில் அதே பீரோவில் கிடக்கிறது, கரை தெரியவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. இந்தமுறை கத்தாமல், வேனில் ஒருவருக்கும் கேட்காமல், உதட்டால் மட்டும் சொன்னார்: பீரோவுல கெடக்குது. வந்து பாத்துக்க.

அவன் தலையாட்டினான். ஞாயித்துக்கெழமை வர்றேன்.

வா. வந்து தொலை. ஆனா ஒண்ணு, மொதல்ல பேசுனது நீ.

குழந்தைவேல் இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தான். கழுத்துத் துண்டை ஒரு விரலால் விலக்கி, அந்தத் துவாரத்தைக் காட்டினான். நான் எங்க மச்சான் பேசுனேன்?